தெருமுனைவரை மணத்த துளசி

செந்திலுக்கு,

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை சாயங்காலம் நம் செம்பூர் வீட்டில் இருந்தவர்கள்: நான், ஜன்னலோர நாற்காலியில் உன் அப்பா, மாவிளக்குப் போடத் தாராவியிலிருந்து வந்திருந்த உன் அத்தை பேச்சியம்மாள், எதிர்வீட்டு சவிதா, ஆபீஸிலிருந்து நேரே வந்த உன் மனைவி நித்யா. நீ இல்லை, விக்ரோலி ஷெட்டில் எண்ணெய் வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தாய். ஆனால் நான் மட்டும் அன்று இரண்டு தடவை இருந்தேன். ஒரு தடவை மாவிளக்குத் தட்டோடு நானாக. இன்னொரு தடவை சவிதாவின் கைப்பையிலிருந்து வெளியே வந்த சின்ன பாட்டிலின் மேல், மூக்குத்தி பளபளக்கச் சிரித்துக்கொண்டு.

அந்தப் படம் உன் கல்யாணத்தில் எடுத்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற உன் மாமியாரை வெட்டிவிட்டிருக்கிறாய். அவர்களுடைய பச்சைப் பட்டின் கரை மட்டும் என் தோளோரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படத்துக்குக் கீழே இங்கிலீஷிலும் இந்தியிலும் ஏதோ எழுதியிருந்தது. நித்யாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னாள்: அம்மாவின் முறைப்படி நிழலில் உலர்த்திய துளசியிலிருந்து எடுத்த எண்ணெய். விளக்கு மலையேறுகிறவரைக்கும், பெருமாள் முன்னால் கோபப்படக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சவிதாவின் வீட்டுக்காரருக்குச் சளி பிடித்தால் வேது பிடிக்க, இத்தனை வருஷமும் காய்ந்த துளசி நம் வீட்டிலிருந்துதான் போகிறது. அந்த மணம் அவளுக்குத் தெரியும். என்னை மாவ்ஷி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவாள். இந்தியில் மெல்லச் சொன்னாள்: "மாவ்ஷி, தப்பா எடுத்துக்காதீங்க. படம் உங்களோடது. வாசனை உங்களோடது இல்ல." மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினாள். முகர்ந்து பார்த்தேன். முதலில் வரவேண்டிய அந்தப் பச்சை மணம், இலையைக் கிள்ளியதும் ஓடி வருமே, அது இல்லவே இல்லை. பின்னால் வரவேண்டிய காரம் மட்டும், பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் நனைத்த பஞ்சு மாதிரி, தனியாக நின்றது. அதற்கும் அடியில் ஒரு வைக்கோல் வாடை. உன் அப்பா பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோல நல்லாத்தான் சிரிக்கே. எங்கிட்ட ஒரு நாளும் இப்பிடிச் சிரிச்சதில்லயே" என்றார். பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "மைனி, எங்க சந்துல வீடு வீடா சொல்லி வாங்க வச்சிருக்கேன். உங்க மூஞ்சியக் காட்டித்தான் சொன்னேன்" என்றாள்.

இதுவரைக்கும் வெளியே போனது கொஞ்சம் பாட்டில்தான் என்று நித்யா சொன்னாள். தீபாவளிக்கு ஒரு கம்பெனி தன் ஆட்களுக்குக் கொடுக்கிற பரிசுப் பெட்டிகளில் வைக்கப் பெரிய ஆர்டர் ஒன்று எடுத்திருக்கிறாயாம். அதற்கான லேபிள் இந்த வார வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதாம். அதாவது வெள்ளிக்கிழமை தாண்டினால், நான் செய்யாத ஒரு காரியத்துக்கு நானே சாட்சி சொல்லிக்கொண்டு, முன்பின் தெரியாத வீடுகளுக்குள் எல்லாம் போய் நிற்பேன். அதைத் தடுக்கத்தான் இந்தக் கடிதம்.

கடிதம் எழுதுகிற அளவுக்கு என்ன வந்துவிட்டது என்று நீ கேட்பாய். மூன்று தடவை போன் செய்தேனே. முதல் தடவை மீட்டிங்கில் இருக்கிறேன் என்றாய். அந்த ஷெட்டில் நீயும் உன் கூட்டாளி ரமேஷும் தவிர யார் இருக்கிறார்கள், யாரோடு மீட்டிங்? இரண்டாவது தடவை ரயிலில் இருக்கிறேன், கேட்கவில்லை என்றாய். மூன்றாவது தடவை நன்றாகவே கேட்டது, பதிலும் வந்தது. "அது சும்மா லேபிள்மா. எல்லாரும் அப்பிடித்தான் போடுதாங்க. யாரு படிக்கா?" சவிதா படித்தாள். பேச்சியம்மாள், படிக்கத் தெரியாதவள், பார்த்தாள்.

இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. நீ தமிழ் வாசிப்பது எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோ லோக்கல் மாதிரி. உங்கள் வீடு இருக்கிற முலுண்டு வந்து சேருவதற்குள் தீபாவளி முடிந்துவிடும். அதனால் நித்யாதான் உனக்கு வாசித்துக் காட்டுவாள். உன் அப்பா ஏற்கெனவே படித்துவிட்டார். கொஞ்சம் காரத்தைக் குறைக்கலாம் என்றார், குறைக்கவில்லை. நம் காலனித் தமிழ்ச் சங்கத்து மலருக்கு என்னிடம் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நீ சம்மதித்தால் இதையே கொடுப்பேன், ஏனென்றால் என் முகத்தைப் பார்த்து வாங்கினவர்களுக்குத் தெரியவேண்டியது இதில் இருக்கிறது. வேண்டாம் என்றால் இது நம் வீட்டோடு நிற்கும். எந்த இடத்துக்காக உன் சம்மதம் கேட்கிறேன் என்பது அங்கே வரும்போது உனக்கே தெரியும்.

ஆவணியில் உன் புது மிஷினுக்குப் பூஜை போட என்னைக் கூட்டிக்கொண்டு போனாயே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். பன்வேல் பக்கத்துத் தோட்டத்திலிருந்து துளசி மொத்தமாக ஒரே நாளில் வந்து இறங்குகிறது, எண்ணெய் வடிக்கிற கொப்பரை சின்னது, அதனால் இலையைக் காய வைத்து எடுத்துவைத்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாக வடிக்க முடியும், மழைக்காலத்தில் காய வைக்க இந்த மிஷின் வேண்டும் என்று வழியெல்லாம் விளக்கிக்கொண்டு வந்தாய். எல்லாம் சரிதான். ஆட்டோ உங்கள் தெருவில் திரும்பும்போதே துளசி மணம் வந்து முகத்தில் அடித்தது. ஆட்டோக்காரர் மூச்சை இழுத்து, இங்கே கோயில் எங்கே இருக்கிறது என்று இந்தியில் கேட்டார். எனக்குப் புல்லரித்தது, ஒப்புக்கொள்கிறேன். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருக்கிற பிள்ளைக்குப் பகவான் வழி காட்டிவிட்டான் என்று நினைத்தேன். தேங்காய் உடைத்து, மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். நீ கதவைத் திறந்து தட்டுகளை இழுத்துக் காட்டினாய். உள்ளேயிருந்து வந்த சூடு, இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல் என் மூக்குக்கண்ணாடியை மறைத்தது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாய்: "மணக்குதாம்மா?"

தெருமுனைவரைக்கும் மணக்கிறது என்றேன். உன் முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம்தான் எனக்குச் சுருக்கென்றது. காய்ந்த இலை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். பொடிந்தது. பொடியில் ஒன்றும் இல்லை. பழைய மருந்துக்கடைக் காகிதம் மாதிரி இருந்தது. அங்கேயே சொன்னேன். "ஏல, தெரு பூரா மணக்குன்னா, அம்புட்டும் வெளிய போயிட்டுன்னுதான அர்த்தம்? உள்ள என்ன மிச்சம் இருக்கும்?" ரசத்தைக் கொதிக்கவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி மூக்குக்குத்தான் விருந்து, சாப்பிடுகிறவனுக்கு வெறும் புளித்தண்ணீர். அடுப்படியில் நிற்கிற எவளுக்கும் இது தெரியும். நீ கேட்டுக்கொண்டாயா? "எண்ணெய் வருதுல்லாம்மா, பாத்துட்டுப் பேசு" என்று சொல்லிவிட்டு, சூட்டுத் திருகை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாய். எண்ணெய் நினைத்த அளவு வரவில்லை. அதற்குத் தோட்டக்காரர் தலையில் பழியைப் போட்டு, மட்ட இலை அனுப்புகிறீர்கள் என்று போனில் சத்தம் போட்டாயாம். அந்த மனுஷன் என்ன பண்ணுவார்? அவர் அனுப்பின எண்ணெயை நீ காற்றுக்குத் தானம் பண்ணிக்கொண்டிருந்தாய்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். ஆனால் இருபத்தைந்து வருஷமாக இந்தக் கட்டிடத்தில் இலை காய வைக்கிறேன். எந்தத் தப்பை எந்த மாசத்தில் பண்ணினேன் என்று பால் கணக்குக்குக் கீழே குறித்தும் வைத்திருக்கிறேன். முதல் சில வருஷம் மொட்டை மாடியில் மிளகாய் வற்றலுக்குப் பக்கத்தில் நல்ல வெயிலில்தான் துளசியையும் போட்டேன். ஒரே நாளில் காய்ந்தது. நிறமும் போய், மணமும் போய், போதாததற்கு மிளகாய் நெடியையும் வாங்கிக்கொண்டது. வேது பிடித்த உன் அப்பா தும்மித் தீர்த்தார். அப்புறம் உள் அறைக்கு மாற்றினேன். பழைய வேட்டியை விரித்து, ஒரு இலைமேல் இன்னொரு இலை படாமல் பரத்தி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை மெல்ல ஓடவிட்டால், மார்கழியில் மூன்று நாளில் அருமையாகக் காயும். இலையைக் கிள்ளிப் போடக்கூடாது, முழுசாகக் காய வேண்டும்; கிள்ளின இடத்தின் வழியாகவே மணம் கசிந்து போய்விடும். ஈரத்தோடு மூட்டையில் அடைத்து வைக்கக்கூடாது. மூட்டை நடுவில் கையை விட்டுப் பார், சுடும். உன் துளசி பன்வேலிலிருந்து டெம்போவில் அப்படித்தான் வருகிறது. இதையெல்லாம் உனக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆனால் நிழல் நிழல் என்று நான் உன்னிடம் பாடின பாட்டிலும் ஒரு ஓட்டை இருந்தது. இந்த ஆடியில், நீ மிஷின் வாங்கப்போகிறேன் என்றபோது, அதெல்லாம் எதற்கு, நான் நிழலிலேயே காய வைத்துக் காட்டுகிறேன் பார் என்று ஒரு கட்டுத் துளசியை உள் அறையில் பரத்தினேன். வெளியே மழை, சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்திவிட்டேன். நாலு நாளாகியும் இலை தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஐந்தாம் நாள் கறுத்து, அடியில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்து, துவைக்காத ஈரத்துணி வாடை வந்தது. மழையைத் திட்டிக்கொண்டே குப்பையில் கொட்டினேன். நித்யா பார்த்துவிட்டாள். "அத்தை, நிழலுங்கிறது ஒரு மந்திரம் ஒண்ணும் இல்ல. சூடு கம்மியா இருக்கணும், காத்து ஓடணும், ஈரம் சீக்கிரம் வெளிய போகணும். அந்த மூணும் எங்க கிடைச்சாலும் சரிதான்" என்றாள். அவள் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், சொன்னால் அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு அவளுக்குக் காபி கொஞ்சம் ஆறிப்போய்த்தான் கிடைத்தது.

அந்த பாட்டிலை நான் பார்த்த சனிக்கிழமைக்கு மறுநாளே நித்யாவும் நானும் ஒரு காரியம் செய்தோம். இந்த வருஷம் புரட்டாசி பாதி தாண்டியும் மழை விடவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. தாதர் சந்தையிலிருந்து ஒரே ஆளிடம் ஒரே கட்டாகத் துளசி வாங்கிவந்து நாலு பங்காகப் பிரித்தோம். ஒன்று மொட்டை மாடியில், வெயில் எட்டிப் பார்த்த நேரமெல்லாம். ஒன்று உள் அறையில், மின்விசிறிக்குக் கீழே. மீதி இரண்டுக்கும், நீ முதன்முதலில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பரணில் போட்டுப்போனாயே அந்தச் சின்ன மிஷின். ஒரு பங்கை நீ ஷெட்டில் வைக்கிற எழுபது டிகிரியில் வைத்தாள். நான் விளக்கேற்றி நூற்றெட்டுப் போற்றி சொல்லி முடிப்பதற்குள் காலனிப் படிக்கட்டெல்லாம் துளசி மணம், கீழ்வீட்டுக்காரர்கள் இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். நித்யா ஒரு இலையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இலையோட மேல்தோல்ல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பை இருக்கு அத்தை. எண்ணெய் அதுலதான் இருக்கும். சூடு ஏறினா அது உடைஞ்சு ஆவியாப் போயிரும். அதுலயும் லேசான மணம்தான் முதல்ல ஓடும். கனமானது கொஞ்சம் தங்கும்." பாட்டிலில் கிராம்புக் காரம் மட்டும் தனியாக நின்றது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கடைசிப் பங்கை நாற்பது டிகிரியில், காற்றை மட்டும் நன்றாக ஓடவிட்டு, ராத்திரி முழுக்க வைத்தாள். விடியும்வரை எந்தப் படிக்கட்டும் மணக்கவில்லை.

நாலையும் நாலு எவர்சில்வர் டப்பாவில் போட்டுச் சில நாள் மூடிவைத்து, மூடிக்கு அடியில் அடையாளம் ஒட்டினோம். சவிதாவையும் உன் அப்பாவையும் கண்ணை மூடிக்கொண்டு முகரச் சொன்னோம். மாடி வெயில் சரக்கை உன் அப்பா சுண்டைக்காய் வற்றல் என்றார். எழுபது டிகிரியை, "வைக்கப்போருல்லா இது" என்று தள்ளினார். உள் அறை நிழல் சுமார். ஈரக்காற்றில் மெதுவாகக் காய்ந்ததால் லேசாக மக்கல் தட்டியிருந்தது. நாற்பது டிகிரியைத் திறந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். சவிதா, இதுதான் மாவ்ஷியுடையது, டிசம்பரில் எங்களுக்குக் கொடுப்பது என்றாள். அடையாளத்தைப் பார்த்தால் மிஷின். எனக்கு அது சந்தோஷமாக இல்லை, நீயும் சந்தோஷப்பட்டுக்கொள்ளாதே. ஆனால் கண்டது அதுதான், அதனால் எழுதுகிறேன். எனக்கு உன் மிஷினோடு சண்டை இல்லை. அந்தத் திருகோடும், அந்த லேபிளோடும்தான் சண்டை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று கேட்கத்தான் வந்தேன் என்றாய். நித்யா இழுத்துக்கொண்டு வந்தாள் என்று எனக்குத் தெரியாதா. டப்பாக்கள் மேஜைமேல் வரிசையாக இருந்தன. நான் ஆரம்பிப்பதற்குள் உன் அப்பா முந்திக்கொண்டார். "ஏல, இதுல உன் மிஷின் சரக்கு எது, மோந்து பாத்துச் சொல்லு பாப்போம்." நீ ஒவ்வொன்றாகத் திறந்தாய். மூக்குக்குக் கொண்டுபோனாய். ஆனால் உன் கண் இலையை விட்டு நகரவில்லை. நிறத்தைப் பார்த்தாய், தொட்டுப் பார்த்தாய், காதோரம் கொண்டுபோய் நொறுக்கிச் சத்தம்கூடக் கேட்டாய். அதிகப் பச்சையாக இருந்ததைக் காட்டி, இதுதான் நல்ல சரக்கு என்றாய். அது சரியாகத்தான் இருந்தது. உன் அப்பாவுக்கு விளையாட்டு விடவில்லை. "கண்ண மூடிட்டுச் சொல்லணும்லா" என்று உன் கண்ணைத் துண்டால் கட்டி, அடுக்களைக்குப் போய் இன்னொரு டப்பாவைக் கொண்டுவந்து உன் மூக்குக்கு நேரே பிடித்தார். நீ ஆழமாக இழுத்தாய். கொஞ்சம் யோசித்தாய். "துளசிதான். நல்லா இருக்கு" என்றாய்.

அது பெருங்காயம், செந்தில். புதிதாக உடைத்துப் போட்ட கட்டிப் பெருங்காயம். அடுக்களை வாசலில் நின்ற எனக்கே நெடி ஏறியது. உன் அப்பா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். நீ துண்டை அவிழ்த்தாய், டப்பாவைப் பார்த்தாய், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாய். ரயிலுக்கு நேரமாகிறது என்று செருப்பை மாட்டினாய். உனக்கென்று போட்ட காபி மேஜைமேல் ஆறிக்கொண்டிருந்தது.

நித்யா உன்னோடு போகவில்லை. அடுக்களையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அந்தக் காய்ச்சல் வந்துச்சுல்ல அத்தை, ஊரே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்போ. அதுக்குப் பிறகு அவுகளுக்கு மணமே திரும்பல. மத்தவங்களுக்கெல்லாம் வந்துட்டு. எங்கிட்டயே ரொம்ப நாள் சொல்லல. கேஸ் கசிஞ்ச அன்னிக்குத்தான் எனக்கே தெரியும். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காக." அவளைக் கோபித்துக்கொள்ளாதே. சத்தியத்தை உடைத்தவள் அவள் இல்லை, பெருங்காயம்.

இந்த இடத்துக்குத்தான் உன் சம்மதம் வேண்டும் என்று முதலில் சொன்னேன்.

எனக்கு ஆத்திரம் எதில் என்றால், மூக்கு போனதில் இல்லை. உடம்பு என்றால் நாலும் வரும். அதை எங்களிடம் மறைத்துவிட்டு, உலகத்தில் இருக்கிற அத்தனை தொழிலையும் விட்டுவிட்டு, மணத்தை விற்கிற தொழிலில் போய்க் குதித்திருக்கிறாயே, அதில்தான். நித்யாவிடம் கேட்டேன், ஏன் இவனுக்கு இந்தப் புத்தி என்று. அவள் சொன்ன பதிலைக் கேட்ட பிறகு எனக்குத் திட்டவும் வாய் வரவில்லை. சின்ன வயதில் உனக்கு இழுப்பு வரும்போதெல்லாம் நொச்சியும் துளசியும் போட்டுக் கொதிக்க வைத்து, கம்பளிக்குள் உன்னோடு நானும் தலையை விட்டுக்கொண்டு உட்காருவேன். வேர்த்துக் கொட்டும். மூச்சு இறங்கினதும், இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருப்போம்மா என்பாய். ஒரு மணம்தான் உனக்கு ஞாபகத்தில் மிஞ்சியிருக்கிறதாம், அது அந்தக் கம்பளிக்குள் இருந்ததாம், அதை பாட்டிலில் பிடித்துவிடவேண்டும் என்று கிளம்பியிருக்கிறாயாம். ஏல மடையா, அதை வாயைத் திறந்து என்னிடம் சொல்லியிருந்தால் அந்தக் கம்பளிக்குள் இருந்த இன்னொரு மூக்கு செம்பூரில் சும்மாதானே இருந்தது?

ஷெட்டில் கதவைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மணக்குதாம்மா என்று கேட்டாயே. பெருமை அடிக்கிறாய் என்று நினைத்தேன். உனக்குத் தெரியவேண்டியிருந்திருக்கிறது, அதனால் கேட்டிருக்கிறாய். நானும் தெருமுனைவரைக்கும் மணக்கிறது என்று சொல்லி உன் முகத்தை மலரவைத்தேன். அதற்குப் பிறகு நான் சொன்ன கசப்பான பேச்சு உன் காதில் ஏறவில்லை என்றால் அதில் ஆச்சரியம் என்ன?

இனிச் செய்யவேண்டியதைச் சொல்கிறேன், நடுவில் போனை எடுக்காமல் கேள். சூட்டை நாற்பதுக்கு இறக்கு. தட்டில் மெல்லிசாகப் பரத்து. ஒரு நாளில் ஆகிற வேலை மூன்று நாள் ஆகும், ஆகட்டும். தோட்டக்காரருக்குப் போன் செய்து, இலையில் குறை இல்லை, என் கையில்தான் குறை என்று சொல். மூட்டையில் அடைக்காமல் கூடையில் அனுப்பும்படி அப்படியே கேட்டுவிடு. சுட்டுப்போன சரக்கில் வடித்த எண்ணெயைத் தரை துடைக்கிற தண்ணீரில் ஊற்றுகிறாயோ என்னவோ, அது பெட்டிக்குள் போகக்கூடாது. தீபாவளிக் கம்பெனிக்காரர்களிடம், பாதிதான் தரமுடியும், ஆனால் நல்லதாகத் தருவேன் என்று சொல். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆர்டர் போகும். போனால் உன் அப்பாவும் நானும் செத்துப்போக மாட்டோம், நீயும் மாட்டாய். பேச்சியம்மாள் தெருவில் கொடுத்த பாட்டில்களுக்குப் பதில் புதிதாகக் கொடுத்துவிடு. அதை நீயே கையில் எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போய்க் கொடுக்கவேண்டும். உன் அத்தை நாலு வார்த்தை சொல்வாள், கேட்டுக்கொண்டு அவள் ஊற்றுகிற டீயைக் குடித்துவிட்டு வா.

லேபிள் விஷயம். நிழலில் உலர்த்தியது என்ற வார்த்தை வேண்டாம், அது நிழல் இல்லை. குறைந்த சூட்டில் மெதுவாக உலர்த்தியது என்று போடு. அது உண்மை, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. என் முகம் இருக்கலாமா வேண்டாமா என்பது உன் பதிலைப் பொறுத்தது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் பூஜை முடித்துவிட்டு நான் பஸ் பிடித்து விக்ரோலி வருகிறேன். ஒவ்வொரு தட்டையும், ஒவ்வொரு கொப்பரை எண்ணெயையும் நான் முகர்ந்து சரி என்று சொன்னால் பாட்டிலில் ஊற்று. வேண்டாம் என்றால் ஊற்றாதே, வாதாடாதே. நித்யா சூட்டையும் கணக்கையும் பார்க்கட்டும், வாங்கல் விற்றல் உன் வேலை, முகர்கிறது என் வேலை. அப்படியானால் படம் இருக்கட்டும், ஏனென்றால் அப்போது அது சும்மா லேபிள் இல்லை. உன் மாமியாரின் சேலைக் கரையை மட்டும் சரியாக வெட்டிவிடு, அவர்கள் பார்த்தால் வருத்தப்படுவார்கள். இது முடியாது என்றால் என் முகத்தை எடுத்துவிடு. அதற்காக நான் கோபப்பட மாட்டேன். நீ சாப்பிட வந்தால் சாப்பாடு எப்போதும்போல் இருக்கும்.

இன்னொன்று. மூக்குக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டால் நித்யா தலையை ஆட்டுகிறாள், அது ஆமாவா இல்லையா என்று புரியவில்லை. பார்க்கவில்லை என்றால் பார். உன் அப்பா சொல்லச் சொன்னார்: பெருங்காயத்துக்கு அவர் மன்னிப்புக் கேட்டாராம். நேரில் கேட்க அவருக்கு வராது, உனக்குத் தெரியும்.

லேபிள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இன்றைக்குத் திங்கள். வியாழக்கிழமைக்குள் பதில் சொல். மெசேஜில் கட்டைவிரல் படம் போடாதே. போன் செய்து, வா என்றோ வேண்டாம் என்றோ வாயால் சொல்.

அம்மா